தென் திருவிதாங்கூர் சபையில் ஆன்மிக அதிகாரம்: வேதமாணிக்கமும் மீட் ஐயரும்

திருவனந்தபுரத்தில் மியூசியம் பக்கம் போய்வருகிறவர்களுக்கு எல்.எம்.எஸ். சந்திப்பு தெரியாமல் இருக்காது. லண்டன் மிஷன் சங்கம் என்பதன் சுருக்கம்தான் அது. 1838இல் ஜான் காக்ஸ் என்ற மிஷனரி இந்நகரில் அச்சங்கத்தின் பணியைத் தொடங்கினார். இன்று அந்த வளாகத்தில் மட்டீர் நினைவு ஆலயமும், தென்னிந்தியத் திருச்சபையின் தென் கேரளப் பேராய அலுவலகமும் இருக்கின்றன.

ஆனால் இந்தச் சபையின் வேர் தலைநகரில் இல்லை. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த, இன்று குமரி மாவட்டத்தில் உள்ள மயிலாடியில் இருக்கிறது. விசுவாசி ஒருவன் யாருடைய ஆன்மிக அதிகாரத்துக்குக் கீழ்ப்படிகிறான்? அந்த அதிகாரத்தைக் கொடுப்பது யார்? பட்டமா, பதவியா, அரசா? இக்கேள்விகளை இச்சபையின் தொடக்ககால வரலாற்றை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேய்ப்பனுக்கு முன்பே மந்தை

மயிலாடி மகாராசன் சாம்பவர் குலத்தில் பிறந்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கோலாஃப் என்ற லுத்தரன் போதகரைச் சந்தித்தார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். தாம் கேட்டதை உறவினருக்குச் சொன்னார். சிறு கூட்டம் ஒன்று சேர்ந்தது. அதன் பிறகுதான், 1806இல், அவருடைய வேண்டுகோளின்படி ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி மயிலாடிக்கு வந்தார். 1809இல் ஆலயம் எழும்பியது. சபையை மிஷனரி உண்டாக்கினார் என்றுதான் நாம் சாதாரணமாகச் சொல்லுவோம். இங்கே சபைதான் மிஷனரியை அழைத்தது!

ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றி 1816இல் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். அடுத்த மிஷனரி வந்து சேர ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஆயிற்று. கோயில் தெருவில்கூட நடக்க அனுமதி இல்லாத குலத்தில் பிறந்த ஒருவர், நாடாரும் சாம்பவரும் இருந்த சபைகளை அதுவரை நடத்திவந்தார். அரசாணையும் இறையியல் பட்டமும் அவரிடம் இல்லை. முதலில் நம்பியவர், முதலில் பாடுபட்டவர் என்பதே அவருக்கிருந்த தகுதி. சபையும் அவர் சொல் கேட்டது.

நீதிபதியான போதகர்

1818 தொடக்கத்தில் சார்லஸ் மீட் வந்தார். ஊர் மக்கள் மிஷனரிகளை 'ஐயர்' என்றே அழைத்ததால் இவரும் மீட் ஐயர் ஆனார். ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் பரிந்துரையால் திருவிதாங்கூர் அரசு அவரை நாகர்கோவிலில் நீதிபதியாகவும் நியமித்தது. விளைவு என்ன? ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வந்தார்கள். ஊழியம் என்ற கூலியில்லா வேலையும், தலைவரி போன்ற வரிகளும் நெரித்த காலம் அது. போதகரே நீதிபதி என்றால் ஏழைக்கு ஒரு நிழல் கிடைக்கும் அல்லவா? அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் வேதமும் அதிகாரக் கோலும் ஒரே கையில் இருந்தால், வருகிறவர் எதை நம்பி வருகிறார் என்று யாருக்குத் தெரியும்? மிஷன் வட்டாரத்திலேயே இது நல்லதல்ல என்ற எண்ணம் இருந்தது. மீட் அந்தப் பதவியில் நெடுநாள் இருக்கவில்லை.

வேதமாணிக்கத்தின் நிலையும் மாறியது. தலைமை திரும்பவும் ஐரோப்பியர் கைக்குப் போயிற்று. இந்தச் சங்கத்தின் திருவிதாங்கூர்ச் சபைகளில் உள்நாட்டவர் முறைப்படி குருப்பட்டம் பெற 1860கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு திருமணம் வைத்த சோதனை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மீட் ஐயரின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. பள்ளிகள், அச்சுக்கூடம், நெய்யூர் மிஷன் எல்லாவற்றிலும் அவர் உழைப்பு உண்டு. இரண்டாம் மனைவி ஜொஹன்னா இறந்த பிறகு, தமது அறுபதாவது வயதை ஒட்டி, 1850களின் தொடக்கத்தில் அவர் மறுமணம் செய்துகொண்டார். மணப்பெண் லோயிஸ், ஒடுக்கப்பட்ட குலத்திலிருந்து வந்த உள்ளூர்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் மகள்.

சாதி இல்லை என்று பிரசங்கித்த வட்டாரத்தில் பெரும் புயல் கிளம்பியது. சக மிஷனரிகள் ஏற்கவில்லை. மீட் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. பிறகு அவர் திருவிதாங்கூர் அரசுப் பணியில் சேர்ந்து பள்ளிக்கூடங்களின் கண்காணிப்பாளராக இருந்தார். 1873இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். கோல் கையில் இருந்தபோது அவர் அதிகாரத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. போதித்ததைத் தம் வீட்டுக்குள் வாழ்ந்து காட்டியபோதுதான் அது பறிபோனது.

வரலாறு சொல்லும் பாடம்

மயிலாடியில் வேதமாணிக்கத்துக்குக் கிடைத்தது சபை மனமுவந்து கொடுத்த அதிகாரம். மீட் ஐயருக்குக் கிடைத்தது சங்கமும் அரசும் கொடுத்தது. கொடுத்தவர்களால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடிந்தது. ஆனால் அவர் வளர்த்த பள்ளிகளையும், அவற்றில் எழுத்தறிந்த பிள்ளைகளையும் யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாமும் சபை, சங்கம், கமிட்டி என்று பல தலைமைகளின் கீழ்தான் வாழ்கிறோம். தலைமைக்குக் கீழ்ப்படிவது நல்லதுதான். ஆனால் ஒரு தலைவர் தம் போதனையின்படி வாழத் துணிகிற நாளில், அவர் பக்கம் நிற்க நமக்குத் தைரியம் உண்டா என்பதையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.