0.25 கிலோவாட்: மிதிவண்டிக்கு மோட்டார் தேர்ந்தெடுத்த ஒரு சட்ட வாக்கியம்

இந்தியாவில் மிதிவண்டிக்கு மின்மோட்டார் பொருத்த முனைபவர் முதலில் எதிர்கொள்வது இரண்டு எண்களை: 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர். கடைக்காரர் அவற்றைச் சொல்வார். பெட்டியின் மேலட்டையிலும் அவையே இருக்கும். இயற்பியல் தந்த எண்களைப்போல அவை தோன்றினாலும், உண்மையில் ஒரு சட்ட வரையறை தந்தவை. அந்த வரையறையின் ஒரு பகுதியோ ஐரோப்பிய ஆணை ஒன்றிலிருந்து ஏறத்தாழச் சொல் மாறாமல் இங்கு வந்து சேர்ந்தது. மின்மிதிவண்டியின் வரலாற்றைப் பொறியியலின் வரலாறாக மட்டும் எழுதும்போது இந்த வாக்கியம் கண்ணில் படுவதில்லை.

பொறியியலைப் பொறுத்தவரை, பெரும்பாலான கேள்விகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே எழுப்பப்பட்டுவிட்டன. 1895-இல் அமெரிக்காவின் ஆக்டன் போல்டன் பெற்ற காப்புரிமையில் மோட்டார் பின்சக்கரத்தின் மையத்திலேயே அமர்ந்திருந்தது. பல்சக்கரம் எதுவும் இல்லை. இரண்டே ஆண்டுகளில் ஹோசியா லிபி பெற்ற காப்புரிமை மோட்டாரைப் பெடல் அச்சுக்குக் கொண்டுவந்தது. சக்கர மையமா, பெடல் அச்சா என்று இன்றும் நடக்கும் விவாதம் அப்போது தொடங்கியதே. விடை கிடைக்காதது பேட்டரிக்கு மட்டும். ஈயம் கனமானது, அதைச் சுமக்கவே மோட்டாரின் பாதி உழைப்பு போய்விடும். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1993-இல் யமாஹா ஜப்பானில் வெளியிட்ட வண்டியில், மிதிப்பவரின் விசையை ஓர் உணரி அளந்து, அதற்கேற்ப மோட்டார் துணைநின்றது. 'மிதித்தால் மட்டுமே உதவி' என்னும் கருத்து அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. சீனம் வேறு வழியில் சென்றது. 1999-ஆம் ஆண்டின் சீனத் தரநிலை மணிக்கு 20 கிலோமீட்டர், 240 வாட், 40 கிலோ என எல்லை வகுத்தது. அந்த எல்லைகளை மீறியவையும் சேர்ந்து கோடிக்கணக்கான வண்டிகள் அங்கே ஓடின. இன்று இந்தியக் கடைகளில் கிடைக்கும் ஹப் மோட்டாரும் கன்ட்ரோலரும் பெரும்பாலும் அந்தத் தொழிற்பெருக்கத்தின் விளைவே.

இந்தியச் சட்டத்தின் முன்கதை பெட்ரோலில் தொடங்குகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், நான்கு சக்கரத்துக்குக் குறைவான, 35 கன சென்டிமீட்டருக்கு மிகாத எஞ்சின் கொண்ட வண்டியை 'மோட்டார் வாகனம்' என்னும் சொல்லின் பொருளிலிருந்தே விலக்கி வைத்தது. 1994-இல் அந்த எல்லை 25 ஆகச் சுருங்கியது. 1972-இல் வந்த லூனாவும் 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-உம் ஐம்பது கன சென்டிமீட்டர் வகையைச் சேர்ந்தவை. எனவே பெடல் இருந்தும் அவை மிதிவண்டிகளாகக் கருதப்படவில்லை. (மொபெட் என்னும் சொல்லே மோட்டாரையும் பெடலையும் ஒட்டவைத்து ஸ்வீடனில் பிறந்தது. பெடல் உதிர்ந்த பின்னும் பெயர் உதிரவில்லை என்பது சொற்பொருள் மாற்றத்துக்கு நல்ல சான்று.)

மின்மோட்டாருக்கோ கன சென்டிமீட்டர் என்று ஒன்று இல்லை. ஆகவே விலக்கை வேறோர் அளவால் சொல்லவேண்டியிருந்தது. 2005-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 'பேட்டரியால் இயங்கும் வாகனம்' என்பதற்குத் தரப்பட்ட வரையறை அதைச் செய்தது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு என்பன முதல் இரண்டு நிபந்தனைகள். மூன்றாவதை உற்றுநோக்கினால் அது நிபந்தனையே அன்று. மிதிக்கும்போது துணைநிற்கும் மோட்டாருடைய மிதிவண்டிகள், 25 கிலோமீட்டரை நெருங்கும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து நின்றுவிடுபவை என ஒரு வண்டி வகையைச் சுட்டும் நீண்ட பெயர்த்தொடர் அது. முதலிரண்டும் பயனிலையோடு முடியும் வாக்கியங்களாக இருக்க, மூன்றாவது மட்டும் பெயராக நிற்கிறது. இந்த இலக்கணப் பிசகு அதன் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு ஆணை, தன் வரம்புக்குள் வராத வண்டிகளைப் பட்டியலிடுகிறது. பட்டியலில் பெயர்த்தொடர் நிற்பது இயல்பு. அங்கே பொருந்தி நின்ற தொடர், நிபந்தனைகளின் வரிசையில் வந்து அமர்ந்ததும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

இந்தப் பெயர்ச்சியில் நேர்ந்த மாற்றங்கள் சிறியவை, விளைவுகள் அப்படியல்ல. ஐரோப்பிய ஆணை விலக்களித்தது மிதித்தால் மட்டும் உதவும் வண்டிக்கே. இந்திய விதி, பெடலே இல்லாமல் கைப்பிடியைத் திருகி ஓட்டும் வண்டிக்கும் அதே விலக்கைத் தந்தது. பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படாத சிறு மின் ஸ்கூட்டர்கள் அந்த வாயில் வழியே வந்தவை. இன்னொன்று: விதி கேட்பது 0.25 கிலோவாட்டுக்குக் 'குறைவு'. சொல்லுக்குச் சொல் படித்தால், சரியாக 250 வாட் தரும் மோட்டார் இந்த விலக்குக்குள் வராது.

ஐரோப்பிய வரைவாளர்களின் மனத்தில் இருந்த வண்டி எது என்பதை ஊகிப்பது கடினமன்று. ஒருவர் ஏறுவார், கைப்பை ஒன்று இருக்கும், பாதை பெரும்பாலும் சமதளம். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் ஒருவர் சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரில் செல்ல, காற்றையும் உருள் உராய்வையும் வெல்வதற்கு ஏறத்தாழ 170 முதல் 200 வாட் தேவை. சாதாரண மனிதர் நெடுநேரம் மிதித்துத் தரக்கூடியது 75 முதல் 100 வாட். ஆகவே 250 என்பது அங்கே தாராளமான எண். இந்தியாவின் கறுப்பு மிதிவண்டி வேறு வேலைக்கானது. பின்னிருக்கையில் பால் கேன், எரிவாயு உருளை, காய்கறி மூட்டை, பல நேரம் இன்னொரு மனிதர். ஆளும் வண்டியும் சரக்குமாக 145 கிலோ, நூற்றுக்கு நான்கு என்ற சரிவுள்ள மேம்பாலம் என்று கொண்டால், 250 வாட் அந்தச் சுமையை மணிக்கு 12, 13 கிலோமீட்டரில்தான் ஏற்றும். ஏறிவிடும், ஐயமில்லை. ஆனால் சக்கரம் மெதுவாகச் சுழலும்போது, பல்சக்கரமில்லாத ஹப் மோட்டாரில் பேட்டரி தரும் மின்சாரத்தின் பெரும்பங்கு வெப்பமாகிக் கழிகிறது. உள்ளே சிறு பல்சக்கரங்கள் கொண்ட மோட்டார், எடை குறைவாக இருந்தும் இத்தகைய ஏற்றத்தில் மேலாக இழுப்பதற்குக் காரணம் இதுவே. அட்டையில் இரண்டுக்கும் 250 என்றுதான் போட்டிருக்கும்.

அட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். மின்மோட்டாருக்கு எடையைப்போல மாறாத ஒரு திறன் கிடையாது. எவ்வளவு மின்னோட்டம் செல்ல விடுகிறோமோ அவ்வளவு இழுக்கும். எவ்வளவு வெப்பத்தைத் தாங்குகிறதோ அவ்வளவு நேரம் இழுக்கும். 'முப்பது நிமிடத் திறன்' என்று விதி சொல்வது இதனால்தான். சூடேறிக் கெடாமல் அரைமணி நேரம் தரக்கூடியதை ஆய்வுச்சாலையில் அளக்கவேண்டும். சாலையில் அந்த முடிவை எடுப்பது கன்ட்ரோலர். 36 வோல்ட் பேட்டரியும் 15 ஆம்பியர் கன்ட்ரோலரும் சேர்ந்தால் பேட்டரியிலிருந்து 540 வாட் வரை வெளியேறும். இப்படி 250 என்பது அளவாக இருந்த நிலையிலிருந்து நழுவிப் பெயராகிவிட்டது. வரி வகுப்பு ஒரு துணிக்குப் பெயராவதைப்போல, விலக்கு வகுப்பு மோட்டாருக்குப் பெயராயிற்று. மோட்டார் வாங்குபவர் வாட் எண்ணைக் கேட்பதைவிட, கன்ட்ரோலரின் ஆம்பியரையும் தம் சக்கர அளவுக்கான சுழற்சி வேகத்தையும் கேட்பது பயன் தரும். 28 அங்குலச் சக்கரம் மணிக்கு 25 கிலோமீட்டரில் ஓட நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 சுற்று போதும். சிறு சக்கரத்துக்கெனச் சுற்றப்பட்ட வேகமான மோட்டாரை அதில் பூட்டினால் ஏற்றத்தில் திணறும்.

தமிழ்ப் பாடநூல்கள் திறன் என்றும் ஆற்றல் என்றும் இரு சொற்களைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றன. திறன் மோட்டாருக்கு; வாட்டில் அளப்பது. ஆற்றல் பேட்டரிக்கு, வாட்-மணியில் அளப்பது. பேச்சில் இரண்டும் 'பவர்' ஆகிவிடுவதால் குழப்பம் சந்தைக்கும் வந்துவிடுகிறது. விதியின் குழப்பமோ மௌனத்தால் நேர்ந்தது: மோட்டாரின் திறனுக்கு எல்லை வகுத்த விலக்கு, பேட்டரியின் ஆற்றலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வண்டி எடைக்கு 60 கிலோ என்று பின்னர் எல்லை வந்தபோதும் பேட்டரியைக் கழித்தே கணக்கிடச் சொன்னது. இது ஈயத்துக்குச் சாதகமாக அமைந்தது. 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி ஈய பேட்டரிகள் மூன்று ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ளவை; பெயரளவில் 432 வாட்-மணி, நீண்ட ஆயுள் வேண்டுமானால் பயன்படுத்தத்தக்கது அதில் பாதிதான். நாற்பது சிறு லித்தியம் மின்கலங்களை, பத்து பத்தாக நான்கு வரிசையில் இணைத்தால் 360 வாட்-மணி கிடைக்கும். மின்கலங்களின் எடை இரண்டு கிலோவைத் தாண்டாது. கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-மணி என்று வைத்தால் 25, 30 கிலோமீட்டர் ஓடும்.

ஆயினும் ஈயம் இந்தியத் தெருக்களில் இவ்வளவு காலம் நீடித்ததை அறியாமை என்று ஒதுக்குவது சரியாகாது. இன்வெர்ட்டர் கடை எல்லா ஊரிலும் உண்டு. பழைய ஈய பேட்டரியை எடைக்குப் போட்டு, புதியதன் விலையில் கழித்துக்கொள்ளலாம். செத்துப்போன லித்தியம் தொகுப்புக்கு அத்தகைய இரண்டாம் வாழ்வு இல்லை. எடையில் தோற்ற பொருள் கொடுக்கல் வாங்கலில் வென்றது.

250 என்ற எண் நீதிமன்றம் ஏறியது மிதிவண்டியால் அன்று, அதன் உறவினரான ரிக்‌ஷாவால். சைக்கிள் ரிக்‌ஷாவில் மோட்டார் பொருத்தும் முயற்சிக்கு அரசின் ஆய்வுக்கூடமே வழிகாட்டியது: துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சோலெக்‌ஷா, பெடலையும் மோட்டாரையும் ஒருங்கே கொண்டு 2008-இல் தில்லி சாந்தினி சௌக்கில் அறிமுகமானது. தெரு அதை ஏற்கவில்லை. தெரு ஏற்றது பெடலில்லாத, 48 வோல்ட் ஈய பேட்டரியில் ஓடும் மின் ரிக்‌ஷாவை. 250 வாட்டுக்கு உட்பட்டது, எனவே மோட்டார் வாகனம் அன்று என்னும் வாதம் அதற்குக் காப்பாக இருந்தது. எளிய கணக்கே அந்த வாதத்தைக் கலைத்துவிடும். ஆட்களோடு 550 கிலோ எடையுள்ள வண்டியை 250 வாட் சமதளத்தில் மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் தள்ளாது. தெருவில் அவை அதைவிட விரைவாகச் சென்றன. 2014 ஜூனில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 650 வாட் வரையிலான மின் ரிக்‌ஷாக்களுக்கு விலக்கு அறிவித்தார். ஜூலை இறுதியில், குழந்தை ஒன்று உயிரிழந்த விபத்தை ஒட்டி, தில்லி உயர் நீதிமன்றம் அவற்றை ஓட்டத் தடை விதித்தது. 2015-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 4000 வாட் வரை என்ற எல்லையோடு மின் ரிக்‌ஷாவுக்குத் தனி வகுப்பு உருவாக்கியது.

ரிக்‌ஷாவுக்குப் பெயர் கிடைத்தது. உரிமமும் காப்பீடும் அதன் பின்னே வந்தன. மோட்டார் பொருத்திய மிதிவண்டிக்குக் கிடைத்தது பழைய விலக்கு மட்டுமே. அந்த விலக்கும் நிபந்தனையற்றதன்று: அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனம் ஒன்று சரிபார்த்துச் சான்றளித்தால்தான் வண்டி மோட்டார் வாகனம் அன்று என ஆகும். தொழிற்சாலை தன் மாதிரி வண்டியைப் புனேவுக்கு அனுப்பலாம். தெருமுனைக் கடையில் மாற்றப்பட்ட ஒற்றை மிதிவண்டியை யார் அனுப்புவார்? 2019-இல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்ட மானியம் இருசக்கர வண்டிக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும் என்றதால் மிதிவண்டி அதன் வாசலிலேயே நின்றது. 2022-இல் தில்லி அரசு மின்மிதிவண்டிக்கு 5,500 ரூபாய் அறிவித்தபோதும் அது புதிதாக வாங்கும் முதல் 10,000 வண்டிகளுக்கானது. அதே ஆண்டு ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய நிகழ்வுகளுக்குப் பின் கடுமையாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 பேட்டரித் தரநிலையும் மோட்டார் வாகன வகுப்புகளுக்கானதே. பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுத்த மின்கலங்களால் கட்டிய தொகுப்பு, 15 ஆம்பியர் கன்ட்ரோலரின் கேட்பைத் தாங்குமா என்று பார்க்க மிதிவண்டிக்காரருக்கு அவர் நம்பும் பழுதுபார்ப்பவரே இருக்கிறார்.

'மோட்டார் வாகனம்' என்னும் சொல்லோடு மூன்றாம் தரப்புக் காப்பீடும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் பிணைந்துள்ளன. சான்று பெறாத, 250 என்று பெயரிட்டு 540 வாட் இழுக்கும் மிதிவண்டி ஒன்று சாலையில் நடந்துசெல்பவர்மீது மோதினால், அது மிதிவண்டியா, காப்பீடில்லாத மோட்டார் வாகனமா என்னும் கேள்விக்கான விடை, அடிபட்டவர் எந்த மன்றத்துக்குப் போவார், யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதை முடிவு செய்யும். அந்த வழக்கில் சான்றுப்பொருளாக வைக்கப்படுவது, இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், உள்ளங்கை அளவேயான கன்ட்ரோலராக இருக்கும்.