ஆபிட்ஸ் நடைபாதையில் சிந்தாமணி

நம் ஐதராபாத்தில் ஆபிட்ஸ் என்ற பெயர், ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானிடம் (ஆட்சி 1869-1911) பணிபுரிந்த ஆல்பர்ட் ஆபித் அங்கே வைத்திருந்த கடையால் வந்தது. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். வாசல்களில் பழைய புத்தகக்காரர்கள் விரிப்பு போடுவார்கள். வியாபாரியான எனக்கும் அன்றுதான் ஓய்வு.

ஒருநாள் அங்கே சீவக சிந்தாமணி கிடந்தது! எங்கள் சமணக் காப்பியம். 1887-இல் அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தவர்.

"என்ன பாஷையோ, இருபது ரூபாய் குடுங்க" என்றார் கடைக்காரர் உருதுவில். முதல் பக்கத்தில் செகந்திராபாத் தமிழர் ஒருவரின் கையெழுத்து. அவருக்குப் பின் வீட்டில் படிக்க ஆளில்லை போலும். என் பேரனுக்கும் தமிழ் எழுத்து தெரியாதே என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போ ஞாயிறு காலை அவனுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் சந்தைக்குக் கிளம்புகிறேன்.