டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: புது மான்ஸ்டர் புத்தகம் வந்தா ரசிகர்கள் எதைத் தேடுறாங்க?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்தவர்களுக்கு டெமகார்கன், மைண்ட் ஃப்ளேயர், வெக்னா ஆகிய மூன்று பெயர்களும் அத்துப்படி. ஆனால் இவை நெட்ஃப்ளிக்ஸ் கண்டுபிடித்த பெயர்கள் இல்லை. 1975, 1976-லேயே 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் பக்கங்களில் வந்துவிட்டவை. தொடரில் பசங்க மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, அதே விளையாட்டுதான்.

அந்த விளையாட்டுக்காக மான்ஸ்டர்களை மட்டுமே தொகுத்துத் தனிப் புத்தகங்கள் வருகின்றன. புதுப் புத்தகம் ஒன்று வருகிறது என்றாலே ரசிகர்களிடம் பட்டியல் தயாராக இருக்கும். எந்தப் பழைய ஆள் திரும்பி வரணும், யாருக்கு பலம் கூடணும், யாருடைய கதையை இந்த முறையாவது ஒழுங்காகச் சொல்லணும் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. 2025 பிப்ரவரியில் புதிய 'மான்ஸ்டர் மேனுவல்' 384 பக்கங்களில், 500-க்கும் மேற்பட்ட மான்ஸ்டர்களோடு வந்தது. அப்படியும் "இது இல்லையே" என்ற குரல் ஓயவில்லை.

ஒரு விளையாட்டுப் புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு எதிர்பார்ப்பு?

வில்லன் சரியில்லைன்னா படம் படுத்துடும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனிவா என்ற சிறிய ஊரில் இருந்து வெளியானது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். நான்கைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு நாயகனாக மாறுவார்கள். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். அவர்தான் டஞ்சன் மாஸ்டர். திரையோ ஜாய்ஸ்டிக்கோ கிடையாது. பேச்சு, கற்பனை, 20 முகம் கொண்ட ஒரு பகடை, அவ்வளவுதான்.

கதையில் எதிரே நிற்கப்போவது யார் என்பதை டஞ்சன் மாஸ்டர் மான்ஸ்டர் புத்தகத்தில் இருந்துதான் எடுப்பார். ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் ஒரு படம், கொஞ்சம் கதை, பிறகு 'ஸ்டாட் பிளாக்' என்ற கட்டம். எவ்வளவு அடி தாங்கும், எவ்வளவு அடிக்கும், என்னென்ன சக்தி உண்டு என்ற எண்கள் அந்தக் கட்டத்தில் இருக்கும். சினிமாவில் வில்லன் சரியில்லை என்றால் படம் படுத்துவிடும். இங்கும் அதே கதைதான். வேலை முடிந்து சனிக்கிழமை ராத்திரி கூடும் நண்பர்களின் நான்கு மணி நேரம், அந்தக் கட்டத்தில் உள்ள எண்களை நம்பித்தான் இருக்கிறது.

முதல் 'மான்ஸ்டர் மேனுவல்' 1977-ல் வந்தது. டி அண்ட் டி-யின் முதல் கெட்டி அட்டைப் புத்தகம் அதுதான். 112 பக்கம், 350-க்கும் மேற்பட்ட மான்ஸ்டர்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புது வரிசையில் வீரர்களுக்கான விதிப் புத்தகம் 1978-ல்தான் வந்தது, டஞ்சன் மாஸ்டருக்கான புத்தகம் 1979-ல். அதாவது விளையாடுவது எப்படி என்று சொல்வதற்கு முன்பே, யாரோடு மோதணும் என்பது அச்சாகிவிட்டது!

அதில் இருந்த சில மான்ஸ்டர்கள் பிறந்த கதையும் சுவாரஸ்யம். ஹாங்காங்கில் தயாரான மலிவு விலை பிளாஸ்டிக் பொம்மைகளை கைகாக்ஸ் வாங்கினார். எந்த விலங்கு என்றே சொல்ல முடியாத உருவங்கள். அவற்றுக்குப் பெயரும் குணமும் வைத்து மான்ஸ்டர் ஆக்கினார். ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ஔல்பேர் அப்படிப் பிறந்ததுதான். 2023-ல் வந்த டி அண்ட் டி படத்தில் ஒரு பெண் கரடி போல மாறிச் சண்டை போடுவாரே, அதுதான் இது. இரும்பைத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும் அதே பொம்மைக் கூட்டம். உயிர் போனாலும் பரவாயில்லை, வாள் போயிடக் கூடாதே என்று வீரர்கள் அலறுவது இதைப் பார்த்துத்தான்.

பள்ளி மாணவர் எழுதி அனுப்பிய மான்ஸ்டர்

ரசிகர்கள் இவ்வளவு உரிமையோடு கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த மான்ஸ்டர்களில் பல அவர்களே எழுதியவை.

1970-களின் இறுதியில் பிரிட்டனில் 'ஒயிட் டுவார்ஃப்' என்ற இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் 'ஃபீண்ட் ஃபேக்டரி' என்று ஒரு பகுதி. வாசகர்கள் தாங்கள் உருவாக்கிய மான்ஸ்டர்களை எழுதி அனுப்பலாம், நன்றாக இருந்தால் அச்சாகும். அப்படி வந்தவற்றில் தேர்ந்தெடுத்தவற்றைப் பெருமளவில் சேர்த்து, டான் டர்ன்புல் தொகுத்த 'ஃபீண்ட் ஃபோலியோ' 1981-ல் வெளியானது.

வெளியானபோது அதற்குக் கிண்டலும் கிடைத்தது. காற்றில் மிதக்கும் ஜெல்லி மீன் போன்ற ஃப்ளம்ஃப் என்ற ஜந்து வருடக்கணக்கில் கேலிப் பொருள். பிறகு அந்தக் கேலியே பாசமாக மாறி, இன்று பலருக்கு அது செல்லப்பிள்ளை.

ஆனால் புத்தகத்தின் அட்டையில் நின்றது வேறொரு உருவம். எலும்பும் தோலுமான முகம், கையில் வாள். பெயர் கித்யாங்கி. எழுதி அனுப்பியவர் சார்லஸ் ஸ்ட்ராஸ் என்ற பள்ளி மாணவர். பிற்காலத்தில் ஹியூகோ விருது பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவரேதான். அந்தப் பெயரை அவர் எடுத்தது ஒரு நாவலில் இருந்து. நாவலாசிரியர் யார் தெரியுமா? 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின்.

2023-ல் 'பால்டர்ஸ் கேட் 3' வீடியோ கேம் வெளியாகி, 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதை வென்றது. அதில் முக்கியக் கதாபாத்திரங்களில் ஒருவரான லேசெல் ஒரு கித்யாங்கி. ஒரு பையன் தபாலில் போட்ட யோசனை, 40 வருடம் கழித்து உலகம் முழுக்க மானிட்டர்களில் ஓடியது. எனவே புதுப் புத்தகம் வரும்போது ரசிகர்கள் வெறும் வாடிக்கையாளர்களாக மட்டும் அதைப் பார்ப்பதில்லை.

"அடி பத்தல": நீண்ட காலக் குறை

அடிக்கடி கேட்கும் கோரிக்கை எண்களைப் பற்றியது. ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் 'சேலஞ்ச் ரேட்டிங்' என்று ஒரு மதிப்பு உண்டு. எத்தனை திறமையான குழு இதோடு மோதலாம் என்று சொல்லும் எண் அது. அது தப்பாகப் போனால் ஒன்று வீரர்கள் மொத்தமாகக் காலி, இல்லையென்றால் மாதக்கணக்கில் பில்டப் கொடுத்த வில்லன் இரண்டு சுற்றில் சுருண்டு விழுவான்.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் டராஸ்க். பிரெஞ்சு நாட்டுப்புறக் கதையில் இருந்து வந்த ராட்சத மிருகம். 2014 புத்தகத்தில் உச்சபட்ச மதிப்பான 30 அதற்குத்தான். உயிர்ப்புள்ளிகள் 676. ஆனால் தூரத்தில் இருப்பவரைத் தாக்க அதனிடம் எதுவுமே இல்லை. பறக்கத் தெரிந்த ஒருவர், கையில் ஒரு மந்திர வில்லோடு மேலே நின்றுகொண்டால் போதும். கீழே அது முறைத்துக்கொண்டு நிற்க, அம்பு விட்டுக்கொண்டே இருக்கலாம். உலகத்தை அழிக்க வந்த மிருகத்துக்கு இந்த கதியா என்று ரசிகர்கள் பத்து வருடம் கலாய்த்தார்கள். 2025 புத்தகத்தில் டராஸ்குக்குத் தூரத்தில் இருப்பவரையும் தாக்கும் இடி முழக்கக் கர்ஜனை வந்தது.

சின்ன மாற்றங்களும் உண்டு. முன்பு ஓநாய் கடித்தால், கீழே விழுகிறோமா என்று பார்க்க வீரர் ஒரு பகடை உருட்டணும். இப்போது மனித அளவிலானவரைக் கடித்தால் விழ வேண்டியதுதான். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆறு ஓநாய்கள் சூழ்ந்த சண்டையில் எத்தனை பகடை உருட்டல் மிச்சம் என்பது மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் குறை புதிதும் அல்ல. 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் மான்ஸ்டர்கள் சாகவே மாட்டேன் என்று நின்றன, அடியோ சுமார். 2010-ல் வந்த மூன்றாவது மான்ஸ்டர் புத்தகத்தில் கணக்கையே மாற்றினார்கள். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அந்தப் புதுக் கணக்கை ஒரு விசிட்டிங் கார்டு அளவுக்குச் சுருக்கி, பழைய மான்ஸ்டர்களைத் தாங்களே சரிசெய்துகொண்டார்கள்.

கதையை ஏன் வெட்டினீங்க?

எண்களைத் திருத்துவது எளிது. கதைதான் சிக்கல்.

2016-ல் வந்த 'வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்' புத்தகத்தை ரசிகர்கள் இன்றும் ஆசையாகச் சொல்வார்கள். நடுவில் ஒரு பெரிய கண்ணும் தலையில் பத்துக் கண்களும் கொண்ட பிஹோல்டர் எப்படி யோசிக்கும், அது வாழும் குகை எப்படி இருக்கும், பூதங்களின் சமூகத்தில் யார் மேல் யார் கீழ் என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. படித்தால் கதை தானாக ஊறும்.

2021 டிசம்பரில் நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட்டு, அந்தப் புத்தகத்தின் சில பகுதிகளை நீக்கியது. ஓர் இனம் முழுவதையும் கெட்டது என்று சொல்லும் வரிகள் இனி வேண்டாம் என்பது அதன் பின்னணியில் இருந்த பெரிய யோசனை. அலமாரியில் இருந்த அச்சுப் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிஜிட்டலில் காசு கொடுத்து வாங்கியவர்களின் பிரதியிலும் அந்த வரிகள் காணாமல் போயின. 2022-ல் 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ்' வந்தது. மான்ஸ்டர்கள் இருந்தன, அந்த நீண்ட கதைகள் இல்லை. பழைய புத்தகத்தின் டிஜிட்டல் விற்பனையும் நின்றது.

நீக்கியது சரி என்று சொன்ன ரசிகர்களும் ஏராளம். ஆனால் வாங்கிய புத்தகம் தூங்கி எழுவதற்குள் மாறும் என்றால் அது யாருடைய புத்தகம் என்ற கேள்விக்கு, இரு தரப்பிலும் பதில் இல்லை.

ஓர்க் எங்கே போச்சு?

2025 புத்தகத்தைத் திறந்தவர்களில் பலர் முதலில் தேடியது ஓர்க்கை. 1977 முதல் புதிதாக ஆடுபவர்கள் முதலில் மோதும் எதிரி. இந்தப் புத்தகத்தில் அதற்கெனத் தனி ஸ்டாட் பிளாக் இல்லை. காரணம், 2024-ல் வந்த வீரர் புத்தகத்தில் ஓர்க் நாயகனாகவே ஆடக்கூடிய இனம். மனிதரில் கொள்ளைக்காரனும் உண்டு, பூசாரியும் உண்டு. ஓர்க்கும் அப்படித்தான், பொதுவான கொள்ளைக்காரன் கட்டத்தை எடுத்து ஓர்க்குக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்பது இதன் உள்ளர்த்தம்.

நியாயமான வாதம்தான். ஆனால் முதல்முறை கதை நடத்தும் 15 வயதுப் பையனுக்கு, ஓர்க் என்று போட்ட ஒரு பக்கம் கையில் இருப்பது பெரிய தைரியம். இந்த இரண்டையும் சேர்த்துத் தரும் புத்தகத்தைத்தான் ரசிகர்கள் கேட்கிறார்கள்.

புலித் தலை ராட்சசன்

இந்தியப் புராணங்களில் இருந்தும் டி அண்ட் டி எடுத்திருக்கிறது. ராட்சசன் 1975-லேயே உள்ளே வந்தாச்சு. ஆனால் எப்படி? 1977 புத்தகப் படத்தில் புலித் தலை, கோட்டு, வாயில் புகைக்குழாய்! மந்திரித்த அம்பு பட்டால் செத்துவிடும். ராமாயணத்தில் எங்கே தேடினாலும் இவர் கிடைக்க மாட்டார். 1974-ல் ஒளிபரப்பான 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் திகில் தொடரின் ஓர் அத்தியாயத்தில், ராட்சசனை மந்திரித்த அம்பால் கொல்வார்கள். சாயல் தெளிவாகவே தெரிகிறது.

மற்றவர்களின் கதையை எடுத்தால் அந்த மண்ணைச் சேர்ந்தவர்களையே எழுத வையுங்கள் என்ற கோரிக்கை கொஞ்சம் பலித்திருக்கிறது. 2022-ல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பில், வங்காளத்தின் ஆற்றங்கரை வாழ்க்கையை வைத்து ஒரு சாகசக் கதையை எழுதியவர் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல்.

மான்ஸ்டர் யாருக்குச் சொந்தம்?

டி அண்ட் டி-யை 1997-ல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 1999-ல் அந்த நிறுவனத்தையே ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000-ல் ஒரு திறந்த உரிமம் வெளியானது. அடிப்படை விதிகளையும் பெரும்பாலான மான்ஸ்டர்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் புத்தகத்தில் போடலாம், விற்கலாம். அதன் பலனாக ஒரு தனித் தொழிலே வளர்ந்தது. கோபோல்ட் பிரஸ் என்ற சிறு பதிப்பகம் ரசிகர்களிடம் முன்கூட்டியே நிதி திரட்டி 2016-ல் கொண்டுவந்த 'டோம் ஆஃப் பீஸ்ட்ஸ்' செம ஹிட். அதிகாரப்பூர்வப் புத்தகம் தராததை இப்படிப்பட்டவர்கள் தந்தார்கள்.

2023 ஜனவரியில் அந்த உரிமத்தை இறுக்கும் வரைவு கசிந்தது. கொதித்துப்போன ரசிகர்கள் டிஜிட்டல் சந்தாவை ரத்து செய்யத் தொடங்கினார்கள். ஜனவரி 27-ம் தேதி நிறுவனம் பின்வாங்கியது. சுமார் 400 பக்க விதித் தொகுப்பு, மான்ஸ்டர்களோடு சேர்த்து, திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது.

ஆனாலும் போட்டி நிறுவனமான பைஸோ காத்திருக்கவில்லை. தனது 'பாத்ஃபைண்டர்' விளையாட்டில் இருந்து டி அண்ட் டி-க்கே உரிய அம்சங்களை உருவி எடுத்து, 2024 மார்ச்சில் 'மான்ஸ்டர் கோர்' புத்தகத்தை வெளியிட்டது. சிவப்பு, கறுப்பு என்று நிறத்தை வைத்துப் பிரித்த டிராகன்கள் போய், மந்திர மரபை வைத்துப் பிரித்த புது டிராகன்கள் வந்தன. வக்கீல்களுக்குப் பயந்து பிறந்தவை என்றாலும், அவற்றுக்கும் ரசிகர் கூட்டம் சேர்ந்துவிட்டது.

2025 ஏப்ரலில் டி அண்ட் டி-யின் புதிய விதிகளுக்கான தொகுப்பும் அதே பொது உரிமத்தில் வெளியானது. டராஸ்க், ஔல்பேர், ரஸ்ட் மான்ஸ்டர் எல்லாம் அதில் உண்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனம் தனக்கே என்று ஒதுக்கி வைத்துக்கொண்ட சில பெயர்கள் மட்டும் அதில் கிடையாது. பிஹோல்டர் இல்லை. மைண்ட் ஃப்ளேயர் இல்லை. அன்று ஒரு பள்ளி மாணவர் எழுதி அனுப்பிய கித்யாங்கியும் இல்லை.