முப்பது நாள் அறிவிப்பு: பிரிட்டனில் வேலையிழப்புக் காப்பு விலக்கப்பட்டதும் நன்னம்பிக்கைக் கோட்பாடும்

2009ஆம் ஆண்டில் பிரிட்டனில் வீட்டுக் கடன் கட்டிவந்த பல குடும்பங்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சிலருக்குப் பிரீமியம் கூட்டப்பட்டிருந்தது. வேறு சிலருக்கு வந்த செய்தி இன்னும் கடுமையானது: விபத்துக்கும் நோய்க்கும் உள்ள காப்பு தொடரும், வேலையிழப்புக்கான காப்பு மட்டும் முப்பது நாளில் முடிந்துவிடும். அந்த ஆண்டின் ஜனவரி 6ஆம் நாள்தான் வூல்வொர்த்ஸ் கடைத்தொடர் தன் கடைசிக் கடைகளை மூடியிருந்தது. நாடெங்கும் 807 கடைகள், ஏறத்தாழ 27,000 பேரின் வேலை. 2008இன் தொடக்கத்தில் 5 விழுக்காட்டை ஒட்டியிருந்த வேலையின்மை 2009இன் இறுதிக்குள் 8 விழுக்காட்டை நெருங்கியது. எந்த ஆபத்துக்காக மக்கள் மாதாமாதம் பணம் கட்டினார்களோ அந்த ஆபத்து தெருவுக்குள் வந்துவிட்ட வேளையில்தான் காப்பு விலக்கப்பட்டது.

ஒரு காப்பீட்டு நிறுவனம் புதியவர்களுக்கு வேலையிழப்புக் காப்பை விற்க மறுப்பது வேறு, ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்களிடமிருந்து அதைப் பறிப்பது வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம். முன்னதற்குப் பொருளியல் நியாயம் உண்டு. பின்னதற்கு ஒப்பந்த வாசகம் இடம் கொடுத்திருக்கலாம். காப்பீடு என்ற கருத்து இடம் கொடுக்கவில்லை.

வேலை போனால் வீட்டுக் கடன் தவணையைக் கட்டும் இந்தக் காப்பீடு இவ்வளவு பரவியதற்கு அரசும் காரணம். 1995 வரை வேலையிழந்து வருமான உதவி பெற்றவரின் வீட்டுக் கடன் வட்டியில் பாதியை முதல் 16 வாரங்களுக்கும், அதன்பின் முழுவதையும் அரசு ஏற்றது. 1995 அக்டோபர் 2 முதல் கடன் வாங்கியவர்களுக்கோ முதல் 39 வாரங்களுக்கு எதுவும் இல்லை என்று விதி மாறியது. அந்த ஒன்பது மாத இடைவெளியைத் தனியார் காப்பீடு நிரப்பும் என்பது அன்றைய அரசின் எதிர்பார்ப்பு. இந்த எதிர்பார்ப்பு எவ்வளவு பலவீனமானது என்பதை டானியா பர்ச்சார்ட், ஜான் ஹில்ஸ் இருவரும் 1997லேயே விரிவாக ஆராய்ந்தார்கள். ஆக, பாலிசி வாங்கியவர் ஏதோ கூடுதல் வசதியை வாங்கவில்லை. அரசு கைவிட்ட ஒரு பாதுகாப்பின் இடத்தில் இன்னொன்றை வாங்கினார்.

நிறுவனங்களின் தரப்பை அதன் வலிமையான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். தீ விபத்து ஒரு வீட்டில் நடந்தால் அடுத்த ஊரில் நடக்க வேண்டியதில்லை. வேலையிழப்பு அப்படியல்ல, வந்தால் ஊர் முழுக்கச் சேர்ந்து வரும். தன் வேலை ஆட்டம் காண்பதை முதலில் அறிபவர் தொழிலாளியே ஆதலால், ஆபத்து நெருங்கியவர்களே பாலிசி தேடி வருவார்கள். 1890களில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரம் தொடங்கிய வேலையிழப்புக் காப்பு நிதி ஒருசில ஆண்டுகளிலேயே, 1897இல், மூடப்பட்டது. அது கட்டாயத் திட்டந்தான். ஆனாலும் நிலையான வேலையில் இருந்தவர்கள், அடிக்கடி வேலையிழப்பவர்களுக்காகத் தாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று முரண்பட்டார்கள். நம் காலத்தில் நேத்தனியல் ஹெண்ட்ரன் 2017இல் வெளியிட்ட ஆய்வும், தன் வேலை போகுமா என்பது பற்றித் தொழிலாளிக்கு மட்டுமே தெரிந்த செய்தி தனியார் சந்தை உருவாகாமல் தடுக்கிறது என்று காட்டியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிரிட்டன் கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலிய குறிப்பிட்ட தொழில்களில் ஏறத்தாழ 22.5 லட்சம் பேரைக் கட்டாயமாக ஒரே நிதியில் சேர்த்தது வீணாக அல்ல.

இதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் யாரைப் பற்றியது? 2009 மார்ச்சில் பதற்றத்தோடு பாலிசி கேட்டு வந்தவரைப் பற்றியது. 2003இல் வாங்கியவருக்கு லேமன் பிரதர்ஸ் வங்கி வீழும் என்றோ தன் கடை மூடப்படும் என்றோ எந்த இரகசியச் செய்தியும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவரும் நிறுவனமும் அன்று ஒரே அறியாமையில் நின்று கைகுலுக்கினார்கள். ஆபத்துள்ளவர் மட்டுமே வந்து சேர்வார் என்ற அச்சத்தை அவர்மேல் ஏற்றிச் சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத் தவணை 600 பவுண்டு. நூறு பவுண்டுத் தவணைக்கு 5 பவுண்டு பிரீமியம் என்று கொண்டால் மாதம் 30 பவுண்டு. ஆறு ஆண்டுகளில் அவர் கட்டியது 2,160 பவுண்டு. வேலை போனால் வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்கள் வரை தவணை கிடைக்கும், அதாவது 7,200 பவுண்டு. ஏழாம் ஆண்டில் நிறுவனம் கடிதம் அனுப்புகிறது. ‘ஒவ்வொரு மாதப் பிரீமியமும் அந்தந்த மாதக் காப்பை வாங்கியது, கணக்கு தீர்ந்தது’ என்பது அதன் விடை. ‘உங்களுக்கும் முப்பது நாளில் விலகும் உரிமை இருந்ததே’ என்றும் சேர்த்துக்கொள்கிறது.

இந்தச் சமத்துவம் தாளில் மட்டுமே உள்ளது. பாலிசிதாரர் விலகி எங்கே போவார்? புதிய பாலிசியில் முதல் சில மாதங்களுக்கு வேலையிழப்புக் கோரிக்கை ஏற்கப்படாது. தன் நிறுவனத்தில் ஆட்குறைப்புப் பேச்சு எழுந்ததை அறிந்தவருக்கு அதன்பின்னும் கிடைக்காது. அவருடைய விலகும் உரிமை நல்ல காலத்தில் மட்டுமே பயன்படும், அப்போது அதற்கு மதிப்பு மிகக் குறைவு. நிறுவனத்தின் விலகும் உரிமையோ கெட்ட காலத்தில்தான் மதிப்புப் பெறுகிறது. ஒரே சொற்களில் எழுதப்பட்ட இரண்டு உரிமைகளில் ஒன்று வெற்றுத் தாள், மற்றது பணம். மேலும், பாலிசியை விற்கும்போது இருபத்தைந்து ஆண்டுக் கடனுக்குத் துணையாக அதை முன்வைத்துவிட்டு, விலக்கும்போது மட்டும் அது மாதக் கணக்கு என்பது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைப்பது.

பிரிட்டனின் சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. அன்று நடைமுறையில் இருந்த 1999ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த நியாயமற்ற விதிகள் பற்றிய ஒழுங்குமுறைப்படி, நன்னம்பிக்கைக்கு மாறாக இரு தரப்பு உரிமைகளுக்கிடையே பெரும் சமனின்மையை ஏற்படுத்தி நுகர்வோரைப் பாதிக்கும் விதி அவரைக் கட்டுப்படுத்தாது என்றிருந்தது. ஒப்பந்தத்தில் குறிப்பிடப்பட்ட தக்க காரணமின்றி ஒரு தரப்பே விதிகளை மாற்றிக்கொள்ளும் அதிகாரம், அத்தகையவையாகக் கருதப்படக்கூடியவற்றின் பட்டியலில் வெளிப்படையாகவே இருந்தது. விலையும் ஒப்பந்தத்தின் மையப் பொருளும் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் இந்தச் சோதனைக்கு விலக்கு என்பதை நிறுவனங்கள் பற்றிக்கொள்ளலாம். என் பார்வையில் அது பொருந்தாது. எதற்குக் காப்பு என்பது மையப் பொருள். அதை ஒருவர் மட்டும் நினைத்தபோது அழிக்கலாம் என்ற அதிகாரம் மையப் பொருள் ஆகாது.

காப்பீட்டுச் சட்டத்துக்குள்ளேயே இதைவிடப் பழைய வேர் ஒன்று இருக்கிறது. 1766இல் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மான்ஸ்பீல்டு பிரபு வகுத்த, தெரிந்ததை மறைக்கலாகாது என்ற நன்னம்பிக்கைக் கடமை இரு தரப்புக்கும் உரியது. இரண்டு நூற்றாண்டுகளாக நிறுவனங்கள் அதைப் பாலிசிதாரர் பக்கமே திருப்பிப் பிடித்து, சொல்லாமல் விட்ட சிறு தகவலுக்கும் இழப்பீட்டை மறுத்து வந்தன. மந்தநிலை வந்தால் விலகிவிடுவோம் என்பது விற்பவருக்கு மட்டும் தெரிந்த செய்தி என்றால், சொல்லாமல் விட்ட குற்றம் யாருடையது?

பணம் இல்லை என்ற வாதமும் நிற்கவில்லை. கடன் தவணைக் காப்பீட்டுத் துறையை ஆராய்ந்த பிரிட்டனின் போட்டி ஆணையம் கண்டது இது: வசூலான பிரீமியத்தில் இழப்பீடாகத் திரும்பியது சராசரியாக ஏறத்தாழ 14 விழுக்காடு. மோட்டார் காப்பீட்டில் அது 78, வீட்டுக் காப்பீட்டில் 54. வீட்டுக் கடன் வகையில் விகிதம் சராசரியைவிட உயர்வுதான் என்றாலும் அதுவும் மோட்டார் காப்பீட்டுக்கு அருகில்கூட வரவில்லை. பிரீமியத்தின் பெரும்பங்கு விற்றுக்கொடுத்த வங்கிகளுக்கும் கடன் நிறுவனங்களுக்கும் தரகாகப் போனது. மந்தநிலைக்கென்று ஒதுக்கியிருக்க வேண்டிய பணம் நல்ல ஆண்டுகளில் தரகாகப் பங்கிடப்பட்டது. அந்தப் பற்றாக்குறையைப் பாலிசிதாரர் ஈடுகட்ட வேண்டும் என்பதை ஏற்க இயலாது.

2009 அக்டோபரில் அன்றைய கண்காணிப்பு அமைப்பான நிதிச் சேவைகள் ஆணையம் இத்துறையின் பெரும்பகுதி நிறுவனங்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அவ்வாண்டில் கூட்டிய பிரீமியமும் குறைத்த காப்பும் சீர்செய்யப்பட வேண்டும் என்றானது. திருப்பித் தரப்படும் தொகை சுமார் 6 கோடி பவுண்டு எனக் கணக்கிடப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனாலும் அது உடன்பாடு, தீர்ப்பு அல்ல. காப்பை விலக்கும் அதிகாரம் செல்லுமா என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. விதியைத் தெளிவாக எழுதினால் போதும் என்ற பாடத்தை நிறுவனங்கள் அதிலிருந்து படித்துக்கொள்ள இடமிருந்தது. தெளிவாக எழுதப்பட்ட முப்பது நாள் விதியும் முப்பது நாள் விதிதான்.

அரசு தன் பங்கைத் திருத்திக்கொண்டதும் அரைகுறையாகவே நடந்தது. 2009 ஜனவரியில் வட்டி உதவிக்கான காத்திருப்பை 39 வாரத்திலிருந்து 13 வாரமாகக் குறைத்து, கடன் வரம்பை ஒரு லட்சம் பவுண்டிலிருந்து இரண்டு லட்சமாக்கியது. தனியார் சந்தை இடைவெளியை நிரப்பவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை. பொருளாதாரம் தேறியதும், 2016 ஏப்ரலில், காத்திருப்பு மீண்டும் 39 வாரமானது. 2018 ஏப்ரல் முதல் அந்த உதவி உதவியாகவும் இல்லை. வீட்டின் மீது பதியப்பட்டு, வீட்டை விற்கும்போது வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டிய கடனாக அது மாற்றப்பட்டது.