ஏரிக்குள் இறங்கிய மலை

தொலைக்காட்சி அரங்கத்தில் எனக்கு ஒதுக்கிய நேரம் பன்னிரண்டு நிமிடம். "இயற்கை வளங்கள்: எடுத்ததும் இழந்ததும்" என்பது அன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் ஈயத்தைப் பற்றியும் எண்ணெயைப் பற்றியும் அழகாகப் பேசிவிட்டார்கள். நான் மண்ணைப் பற்றிப் பேசினேன். நிகழ்ச்சி முடிந்ததும் நேயர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, கால் வைக்கிற இடமெல்லாம் மண்தானே? அது எப்படித் தீர்ந்து போகும்?" நியாயமான கேள்வி. அவருக்கு அன்று இரண்டு வரியில் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி, ரிங்லெட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். பெருமழை விட்டதும் லயத்துக்கு வெளியே வந்து, ஓடையில் போகும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். தெளிந்து ஓடினால் பேசாமல் உள்ளே போய்விடுவார். சிவந்து ஓடினால், "மேல யாரோ மலையைத் தொட்டுட்டான்" என்பார். சிறு வயதில் அதை ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். பாட்டி சொன்னது மண் அரிப்புக் கணக்கு என்பது பின்னாளில் ரிங்லெட் அணையின் கதையைப் படித்தபோதுதான் புரிந்தது.

மலை திறந்த கதை

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு குறித்து வைத்தார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே செமாய் மக்கள் அங்கே வாழ்ந்து வந்தார்கள். கேமரனுக்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்புதான், இதைக் குளிர்வாசத் தலமாக்கும் திட்டம் சூடு பிடித்தது. 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து சாலை மேலே ஏறியது.

அந்தச் சாலை முடிவதற்கு முன்பே, 1929இல், ஜே.ஏ.ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்தவர் ஏ.பி.மில்ன். இலங்கைத் தேயிலையில் அனுபவப்பட்டவர். காடு வெட்டி, கன்று நட்டு, மலைச்சரிவைப் பச்சைப் பாயாக்கிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. தேயிலையும் காட்டை அழித்துத்தான் வந்தது. கன்று வளர்ந்து கிளை கோக்கும் வரை முதல் சில ஆண்டுகள் மண் மழைக்குத் திறந்தே கிடக்கும். இலங்கையில் தொடக்க காலத் துரைமார்கள் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று தொழிலாளர்களைச் சுரண்டியால் வழிக்கச் சொன்னார்கள். தோட்டம் பார்க்கச் சுத்தமாக இருந்தது. மேல்மண் மகாவலியோடு போனது. அந்தத் தவற்றுக்கு இலங்கை கொடுத்த விலை அதிகம். 1951இல் மண் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

ஆனால் வளர்ந்த தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. செடிகள் தோளோடு தோள் சேர்ந்து நின்று மழைத்துளியின் அடியைத் தாங்கிக் கொள்ளும். பல பத்தாண்டுகள் அதே வேர் அதே மண்ணைப் பிடித்திருக்கும். சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டுவது, வாய்க்காலில் தேங்கிய மண்ணை அள்ளி மறுபடி செடிக்கு அணைப்பது, கவாத்து செய்த கிளைகளை நிலத்திலேயே பரப்புவது இவையெல்லாம் தோட்டத்து அன்றாட வேலை. நீண்ட காலம் அதே நிலத்தில் விளைச்சல் எடுக்க வேண்டும் என்றால், அந்த நிலத்தைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

அணை வந்தது

நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, 1958இல், உலக வங்கி மலாயாவுக்குத் தன் முதல் கடனைக் கொடுத்தது. தொகை 35.6 மில்லியன் அமெரிக்க டாலர். அதைக் கொண்டு எழுந்ததுதான் கேமரன் மலை நீர்மின் திட்டம். 1963இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை நிறைவு பெற்றது.

பொறியியல் வேலை அபாரமானது. தெலோம் ஆறும் பெர்த்தாம் ஆறும் இயற்கையாகக் கிழக்கே இறங்கிப் பகாங் ஆற்றில் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியவை. தெலோம் நீரைச் சுரங்க வழியாகப் பெர்த்தாமுக்குத் திருப்பினார்கள். இரண்டையும் ரிங்லெட் ஏரியில் தேக்கினார்கள். பிறகு இன்னொரு சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்து, மேற்கே பேராக் பக்கம் 500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து ஜோர் மின்நிலையத்துக்கு இறக்கினார்கள். 100 மெகாவாட் மின்சாரம். கிழக்குக் கடலுக்குப் போக வேண்டிய மழை மலாக்கா நீரிணைக்குப் போனது.

ஏரியின் மொத்தக் கொள்ளளவு 6.3 மில்லியன் கனமீட்டர். அதில் 4.7 மில்லியன் மின்சாரத்துக்குப் பயன்படும் நீருக்கு. மீதி 1.6 மில்லியன் அடியில் வண்டல் படிவதற்கென்று முன்கூட்டியே விட்டு வைத்த இடம். அது 80 ஆண்டுக்குத் தாங்கும் என்பது கணிப்பு. வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 20,000 கனமீட்டர் மண் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். 1963இல் மேலே காடும் தேயிலையும் இருந்த நிலைமையில் அது பொருந்தக்கூடிய கணக்காகத்தான் தெரிந்திருக்கும்.

கணக்கு தவறியது மேலே இருந்த நிலம் மாறியதால்.

டிசம்பர் 31

குளிர் மலையில் விளையும் கோஸ், தக்காளி, சலாட் இலைகளுக்குக் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சந்தை பெருகியது. காய்கறித் தோட்டங்கள் பள்ளத்தாக்கிலிருந்து சரிவுக்கும், சரிவிலிருந்து உச்சிக்கும் ஏறின. தேயிலையைப் போலக் காய்கறி நிலத்தைப் போர்த்தாது. ஆண்டுக்குப் பல போகம். ஒவ்வொரு போகத்துக்கும் மண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டும். பிறகு பிளாஸ்டிக் கூரைகள் வந்தன. கூரைக்கு அடியில் செடி நனையாது, சரிதான். ஆனால் கூரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் ஒரே மூச்சில் வழிந்து ஓடைக்குப் பாயும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிற ஊர் இது.

விவசாயியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர் கையில் இருந்த காகிதத்தையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான காய்கறி நிலங்கள் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில், அதாவது டி.ஓ.எல். முறையில் கொடுக்கப்பட்டவை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். மறுபடி புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஜனவரியில் நிலம் தன்னுடையதா என்று தெரியாத ஒருவர், இருபது ஆண்டு நிற்கும் கல்வரப்பைக் கட்டுவாரா? மரம் நடுவாரா? இந்த ஆண்டு எடுக்க முடிந்ததை எடுத்துக் கொள்வார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். உரிமமே இல்லாமல் இரவோடிரவாக இயந்திரம் வைத்து மலையைச் சீவியவர்கள் இன்னொரு பக்கம்.

சட்டம் இல்லாமலா போனது? 1960லேயே நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநிலம் அரசிதழில் 'மலைநிலம்' என்று அறிவித்த இடத்துக்குத்தான் அதன் மலைநில விதிகள் செல்லும். நிலக் கட்டணம் மாநிலத்துக்கு, காய்கறி லாபம் தோட்டக்காரருக்கும் வியாபாரிக்கும், மலிவு விலை நமக்கு, ஏரியில் விழும் மண் மின்வாரியத்துக்கு. நான்கு பேரும் நான்கு கணக்குப் புத்தகம் வைத்திருந்தார்கள். மலைக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் யாரிடமும் இருக்கவில்லை.

ஏரி நிரம்பியது

1990களின் முடிவில் ஏரியின் ஏறக்குறைய பாதியை வண்டல் பிடித்துக் கொண்டிருந்தது. முப்பத்தைந்து ஆண்டில் பாதி ஏரி என்றால், சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 90,000 கனமீட்டர். போட்ட கணிப்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மண்வாரிக் கப்பல்கள் வந்தன. மண்ணைத் தடுக்கச் சிறு தடுப்பணைகள் வந்தன. அள்ள அள்ள மேலிருந்து வந்துகொண்டே இருந்தது. அள்ளிய சேற்றைக் கொட்டச் சமதளம் கிடைப்பதும் அந்த மலையில் எளிதன்று.

வண்டலால் மின்சாரம் குறைவதோடு விஷயம் முடிவதில்லை. ஏரி ஒரு பாத்திரம். பாதி சேறு இருக்கும் பாத்திரம் சிறு மழைக்கே நிரம்பும். நிரம்பினால் அணையைக் காப்பாற்றக் கதவைத் திறந்தாக வேண்டும். 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் அதுதான் நடந்தது. கீழே பெர்த்தாம் வேலியில் ஆற்றங்கரையை ஒட்டி வீடுகளும் தோட்டங்களும் நெருங்கியிருந்தன. சேறும் வெள்ளமும் உறங்கிக் கொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்தன. உயிர்கள் போயின. வீடுகளும் வாகனங்களும் சேற்றில் புதைந்தன. ஓராண்டு கழித்து, 2014 நவம்பர் 5ஆம் தேதி, ரிங்லெட்டிலும் பெர்த்தாம் வேலியிலும் மீண்டும் சேற்று வெள்ளமும் நிலச்சரிவும். மீண்டும் மரணங்கள். அதன் பிறகு சட்டவிரோத நிலத் துப்புரவுக்கு எதிராக 'ஓப் காடிங்' என்ற பெயரில் அதிகாரிகள் களம் இறங்கினார்கள்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது பழமொழி. அது 'மண்குதிர்', அதாவது ஆற்றில் சேர்ந்த மண்மேடு என்று தமிழாசிரியர்கள் விளக்கம் சொல்வதுண்டு. ரிங்லெட்டைப் பார்த்தவனுக்கு அந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

முன்பே பார்த்த பாடம்

இது நம் நாட்டுக்குப் புதிய அனுபவமும் இல்லை. சிலாங்கூரில் கோலகுபு என்ற ஊர் இருந்தது. மேலே ஈயச் சுரங்கங்கள் கழித்துவிட்ட மண் சிலாங்கூர் ஆற்றில் சேர்ந்து, ஆற்றின் படுகை ஊரின் மட்டத்துக்கு உயர்ந்தது. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் ஊர் மூழ்கியது. கடைசியில் ஊரையே கைவிட்டு, மேடான இடத்தில் கோலகுபு பாரு என்று புதிதாகக் கட்டினார்கள். இன்று நாம் போய் இறங்குவது அந்தப் புதிய ஊரில்தான். ஈயத்தை எடுத்தவர்கள் ஈயத்தின் விலையை மட்டும் எழுதி வைத்தார்கள். புதைந்த ஊரின் விலை அந்த ஏட்டில் ஏறவில்லை. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது ஈயத் தொழிலும் படுத்தது. கிந்தா பள்ளத்தாக்கில் மிஞ்சியவை குட்டைகளும் மணலும்.

தொலைபேசியில் கேட்ட நேயருக்கு இப்போது பதில் சொல்லலாம். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் வேண்டும். ஒரு சரிவிலிருந்து அது இறங்க ஒரு மாலை மழை போதும். அந்த வகையில் மண்ணும் ஈயத்தைப் போலத்தான், எடுத்தால் தீரும். ஒரு வேறுபாடு உண்டு. ஈயத்தை எடுத்தால் விற்றுக் காசாக்கலாம். ஏரிக்குள் போன மண்ணை அள்ளிக் கொட்ட நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? அண்மை ஆண்டுகளில் பகாங் அரசு ஆண்டு உரிமத்துக்குப் பதிலாகக் குத்தகை முறையைக் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறது. வாடகை பற்றித் தகராறும் எழுந்தது. வாடகை எதுவாகவும் இருக்கட்டும். நீண்ட குத்தகையோடு நிபந்தனையும் வர வேண்டும்: படிவரப்பு, ஆற்றோரத்தில் மரம், கூரைத் தண்ணீரைத் தேக்கக் குளம். வரப்பைக் காப்பவருக்கு நிலம் நிலைக்கும், சீவுபவருக்கு நிலைக்காது என்று எழுதி வைத்தால் மலை பிழைக்கும்.

கடைசியாக ஒன்று. நீண்ட உரிமை உள்ளவர் மண்ணைக் காப்பார் என்று சொன்னேன். என் பாட்டிக்கு அந்த மலையில் ஒரு சாண் நிலமும் இல்லை. ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டையும் விட்டு இறங்கினார். வாய்க்கால் மண்ணை அள்ளிச் செடிக்கு அணைத்தவர்கள் அவரும் அவரைப் போன்றவர்களும்தான். இன்று அந்த வேலையை வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். மலையைக் காப்பதைப் பற்றிப் பேசும் கூட்டங்களுக்கு அவர்களையும் செமாய் மக்களையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும். நிறம் பார்த்து நோய் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அடுத்த விடுமுறைக்குக் கேமரன் மலை ஏறும்போது, ரிங்லெட் ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். முடிந்தால் மழை விட்ட நேரமாக இருக்கட்டும். பிள்ளைகளிடம் தண்ணீரின் நிறம் என்ன என்று கேளுங்கள். அப்புறம் மேலே போய்க் காய்கறி வாங்கலாம்.