தோட்டக் காய்ச்சலும் சிறுநீரகமும்

கேமரன் மலைப்பகுதியை வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் ஆராய்ந்தது 1885-இல். அங்கே தேயிலை வேரூன்றியதோ, 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய பின்னரே. அம்மலைச்சரிவில் கொழுந்து கிள்ளிய தமிழரைப் பற்றி எழுதுவோர் தேயிலையைப் பற்றியே எழுதிவிடுகின்றனர். அவர்தம் நோய்களைப் பற்றி எழுதுவோர் குறைவு.

மலாயாத் தோட்டங்களில் காய்ச்சல் என்றாலே மலேரியாதான். டிரெசர் கொயினா கொடுப்பார். மலேரியா பலகாலம் பற்றியிருந்து, கொயினாவையும் ஒழுங்கின்றி உண்டுவந்தோர் சிலருக்குச் செங்குருதியணுக்கள் திடீரெனச் சிதையும். சிறுநீர் கறுத்துப் பின் நின்றே போகும். இதுவே கருநீர்க் காய்ச்சல். ஆதலால் கண் மஞ்சளித்துச் சிறுநீர் நிறம் மாறினால், மலேரியாவின் மேலேயே பழி விழுந்தது.

ஆனால் வேறொரு குற்றவாளியும் இருந்தது. காமாலையும் சிறுநீரக அழற்சியும் சேர்ந்த ஒரு காய்ச்சலை 1886-இல் செர்மனியில் அடால்ப் வைல் விளக்கினார். அதன் கிருமியை 1915-இல் சப்பானியரான இனாடாவும் இடோவும் கண்டனர். சுருள் வடிவான அக்கிருமி மலாயாவிலும் உண்டென்பதை, 1900-இல் அமைந்த கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய வில்லியம் பிளெச்சர் 1920-களில் காட்டினார்.

இந்நோயின் வழி வியப்பானது. கிருமி எலியின் சிறுநீரகத்திலே குடியிருக்கிறது. எலிக்கு ஒரு கேடும் இல்லை. எலியின் சிறுநீரோடு வெளிப்பட்டு, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பலநாள் உயிர்தரிக்கிறது. வெறுங்காலோடு கால்வாய் வெட்டுவோரின் கீறல் வழியே உடலுட் புகுகிறது. முதல் வாரம் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும்; பின்னர்ச் சிலருக்குக் காமாலை. கிருமி மனிதச் சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைந்து, எலியைத் தீண்டாத தீங்கை இங்கே செய்கிறது. ஓர் உயிரின் சிறுநீரகத்திலிருந்து மற்றோர் உயிரின் சிறுநீரகத்துக்கு வந்து சேரும் நோய் இது.

குளிர்ந்த மலையில் மலேரியாக் கொசு பெருகுவது கடினம். எலிக்கோ அரிசி மூட்டையும் லயத்துக் கூரையும் போதும். மழைக்கும் அங்கே குறைவில்லை. ஆகவே மலேரியா குறைந்த இடத்தில் இக்காய்ச்சலும் இராது என்று எண்ணியிருந்தால் அது தவறு.

இந்நோயில் பழுதுபட்ட நுண்குழல்கள் பெரும்பாலும் மீண்டும் வளரக் கூடியவை என்பதுதான் துயரமானது. சில நாள் குருதியைத் தூய்மை செய்து தாங்கினால் ஆள் பிழைப்பான். அதற்கான பொறியை நெதர்லாந்தில் வில்லெம் கோல்ப் 1943-இல் நோயாளியிடம் பயன்படுத்தினார். பெனிசிலின் பரவியதும் அதன் பிறகே. அதற்கு முன் சிறுநீர் நின்ற தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்தது கொயினா ஒன்றே. மலேரியாச் சாவு என்று எழுதப்பட்டவற்றுள் எலிக்காய்ச்சலும் கலந்திருக்கும் என்று கருத இடமுண்டு.