கனடாவின் குடிவரவுப் புள்ளி முறை

குடியேற விரும்பும் வெளிநாட்டவரின் கல்வி, வயது, மொழியறிவு, தொழில் அனுபவம் முதலியவற்றுக்குப் புள்ளிகள் போட்டு, தேறியவருக்கு நிரந்தர வசிப்புரிமை தரும் ஏற்பாடு. 1967 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. பின்னாளில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் முதலிய நாடுகளும் இவ்வழியைத் தமக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டன.

அதற்கு முன்பு கனடா இனத்தையும் பிறந்த நாட்டையும் பார்த்தே ஆளைச் சேர்த்தது. சீனர்கள் மீது 1885இல் 50 டாலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903இல் அது 500 டாலர் ஆயிற்று. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் வருகையையே ஏறக்குறைய அடைத்துவிட்டது. தாய்நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல் நேராக வந்து சேர வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டு விதி இந்தியர்களைக் குறிவைத்தது. 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தவர்களில் பெரும்பாலோர் கரையிறங்க விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். 1951இல் கதவு சற்றே திறந்தது: ஆண்டுக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து 50 பேர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கனடாவில் தொழில்கள் பெருகின; ஐரோப்பாவும் செழித்துவிட்டதால் அங்கிருந்து ஆள் வருவது குறையும் நிலை. 1962இல் அமைச்சர் எலன் ஃபேர்க்ளோ கொண்டுவந்த விதிகள், சொந்தத் தகுதியில் விண்ணப்பிப்பவரிடம் இனம் பார்ப்பதை நீக்கின. உறவினரை வரவழைக்கும் உரிமையில் மட்டும் ஐரோப்பியருக்குச் சலுகை எஞ்சியிருந்தது. ஆனால் தகுதி என்பது எது என்று விதி சொல்லவில்லை. ஓர் அதிகாரி ஏற்பவரை இன்னொருவர் மறுக்கலாம். 1966இல் உருவான மனிதவள, குடிவரவுத் துறையின் துணை அமைச்சர் டாம் கென்ட் தலைமையில் இதற்குத் தீர்வாக வகுக்கப்பட்டதே புள்ளி அட்டவணை.

மொத்தம் 100, தேற 50. கல்விக்கும் பயிற்சிக்கும் 20 வரை. அந்தத் தொழிலுக்குக் கனடாவில் உள்ள தேவைக்கு 15. தொழில்திறன், வயது, முன்கூட்டியே உறுதியான வேலை, ஆங்கில பிரெஞ்சு அறிவு ஆகியவற்றுக்குத் தலா 10. அங்கே உறவினர் இருப்பதற்கும், சேரப்போகும் ஊரின் வேலைவாய்ப்புக்கும் தலா 5. எஞ்சிய 15 புள்ளிகள், நேர்காணலில் விண்ணப்பதாரரின் ஊக்கத்தையும் இணங்கிப்போகும் இயல்பையும் எடைபோடும் அதிகாரியின் கையில். அதிகாரியின் விருப்பு வெறுப்பைக் கட்டுப்படுத்தப் பிறந்த முறை அதை முழுதாக விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் ஆசிய, கரீபிய நாட்டவருக்கு இதுவே பெரிய வாயிலாயிற்று. ஆனால் இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் டொராண்டோவில் பெருகிய ஈழத் தமிழரில் பெரும்பாலோர் இவ்வழி வந்தவர்கள் அல்லர். அகதிகளாகவும் குடும்ப ஸ்பான்சர் மூலமாகவும் வந்தவர்கள்.

2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் இன்ன தொழிலுக்கு ஆள் தேவை என்று பார்ப்பதை விட்டு, படிப்பும் மொழியும் உள்ளவர் எத்தொழிலிலும் பிழைத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் அமைந்தது. தேர்ச்சி அளவு 75 என வைக்கப்பட்டு, 2003இல் 67 ஆகக் குறைக்கப்பட்டது. விண்ணப்பித்தவர் அனைவரையும் பரிசீலித்தாக வேண்டியிருந்ததால் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. 2012இல் அரசு, 2008 பிப்ரவரி 27க்கு முன் வந்து முடிவாகாமல் கிடந்த சுமார் 2,80,000 பேரின் கோரிக்கைகளைச் சட்டத்தின் மூலமே ரத்து செய்து கட்டணத்தைத் திருப்பித் தந்தது. விதியை நம்பி வரிசையில் நின்றவர்களுக்கு இது பெரும் அநீதி.

அதைவிட ஆழமான குறை வேறொன்று. வாசலில் புள்ளி பெற்றுத் தந்த பட்டத்தை உள்ளே மருத்துவ, பொறியியல் உரிமக் குழுக்கள் ஏற்கவில்லை. அவை மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மருத்துவர்கள் டாக்ஸி ஓட்டினர். பொறியாளர்கள் கிடங்குகளில் வேலை செய்தனர். இப்படிக் கனடாவில் வேலை செய்த அனுபவம் கேட்பது வெளிப்படையான பாகுபாடு என்று 2013இல் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் அறிவித்த பிறகும், அந்த மாகாணப் பொறியாளர் உரிம அமைப்பு அந்த நிபந்தனையைக் கைவிட 2023 வரை ஆயிற்று.

2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற தேர்வு முறை வந்தது. இதில் தேர்ச்சி அளவு என்று நிலையாக ஒன்றில்லை. 1200 புள்ளிகளுக்குத் தரவரிசை இட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மேலே இருப்பவர்களையே அழைக்கிறார்கள். 2023 முதல் மருத்துவப் பணி, கட்டுமானத் தொழில், பிரெஞ்சு மொழித்திறன் போன்ற பிரிவுகளுக்குத் தனிச் சுற்றுகள் நடப்பதால், தொழில்தேவையைப் பார்க்கும் 1967ஆம் ஆண்டு நோக்கு திரும்பியிருக்கிறது. வேலை உறுதிக்குத் தொடக்கத்தில் 600 புள்ளிகள் கிடைத்தன. 2016இல் அது 50 அல்லது 200 ஆகக் குறைந்தது. வெளிநாட்டவரை அமர்த்த முதலாளிகளுக்கு அரசு தரும் அனுமதிக் கடிதங்கள் காசுக்கு விற்கப்பட்டதால், 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளிகள் அறவே நீக்கப்பட்டன.